இருபது பங்கு இடம்

கண் திறப்பதற்கு முன்பே இமைக்குள் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒன்று செண்பகவடிவு, இன்னொன்று ஆவுடையப்பன். பத்து நொடிக்குள் யாரையும் தேர்ந்தெடுக்காவிட்டால் செண்பகவடிவே எழுந்திருப்பாள். மாலை ஆறு மணிக்கு நாற்காலியில் சாய்ந்து இரண்டாவது பெயரைத் தேர்ந்தெடுத்தால், அதே உடம்பில் அவள் கணவர் எழுந்து எட்டு மணி வரை இருப்பார். அவர் இறந்து ஏழு வருடமாகிறது. செத்தும் சாயங்காலக் காபியை விடாத மனுஷன்.

அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த நினைவுத்தட்டில் மொத்தம் நூறு பங்கு இடம். ஐம்பது அவளுக்கு, ஐம்பது அவருக்கு, நடுவில் ஒரு தடுப்பு. ஒரு நேரத்தில் ஒரு மனம்தான் ஓடும். ஆகையால் ஒரே தலையில் குடியிருந்தும் இந்த ஏழு வருடத்தில் இருவரும் ஒரு முறைகூடச் சந்தித்ததில்லை. ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி ஒட்டித்தான் குடித்தனம் நடந்தது.

இப்போது அவளுக்கு இடம் போதவில்லை. மூன்று முறை விண்ணப்பித்து, நாற்பத்து நான்கு வயதில், மன்னார் வளைகுடாவின் கடலடி நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. நிலையத்தின் எந்திர அறிவை அவளுக்குள் ஏற்ற இருபது பங்கு காலியிடம் வேண்டும். திங்கட்கிழமைக்குள் இல்லையென்றால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அவள் பக்கமோ நிரம்பிவிட்டது. அவர் பக்கத்தைச் சுருக்கலாம்தான். ஆனால் சுருக்குவதென்றால் அவரில் கொஞ்சத்தை அழிப்பது. இறந்தவரை இரண்டு இடத்தில் வைத்திருக்கச் சட்டம் விடாது என்பதால் நகலெடுத்து வெளியே வைக்கவும் வழியில்லை. போனவரை இன்னும் நெருக்கித் தள்ளிவிட்டுக் கடலுக்குப் போகணுமா என்று யோசித்து யோசித்தே நான்கு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் பாளையங்கோட்டையில் தடுப்பு நகர்த்தும் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஜெபசிங் இருபது வருட அனுபவசாலி.

“எதுக்கு மேடம் இப்படிப் பதறுதீங்க?” என்றார். “பத்தொன்பது வருசம் ஒண்ணா வாழ்ந்திருக்கீங்க. ஒரே சம்பவம் ரெண்டு பக்கமும் இருக்கும்லா? ஒண்ணை வச்சிக்கிட்டு ஒண்ணை எடுத்துருவோம். சாருக்கு ஒரு குறையும் வராது.”

ஒப்பிடும் பொறி அரை மணி நேரம் முனகியது. இருவரும் சேர்ந்து கண்ட சம்பவங்கள் எட்டாயிரத்துச் சொச்சம். அச்சாக ஒத்துப்போனவை மூன்று: கல்யாணத் தேதி, வீட்டுக் கதவு எண், நாயின் பெயர்.

ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இதுல ஆயிரத்து நூறு நேருக்கு நேர் மோதுது மேடம்.”

அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது, சண்டைகள். முதல் வரியே திருச்செந்தூர். கல்யாணமான மூன்றாம் நாள், கொட்டுகிற மழையில், பேருந்து நிலையத்தின் தப்பான வாசலில் ஒருவர் மூன்று மணி நேரம் நின்றார். அது அவர்தான் என்று அவளும், அவள்தான் என்று அவரும் வாதாடி வாதாடி, அவர் செத்த பிறகும் ஃபிரிட்ஜ் கதவில் ஓய்வில்லாமல் ஓடிய வழக்கு அது.

“மோதுறதுல யாரோடதை வச்சிக்கிட்டு யாரோடதை எடுக்கன்னு நீங்கதான் சொல்லணும். உங்களோடதை அழிக்கச் சம்மதம்னா கைநாட்டு வைங்க. பிறகு சாரை எழுப்பித் தனியா அதே கேள்வியக் கேப்பேன். ஒருத்தர் சொன்னதை மத்தவர்ட்ட முன்கூட்டியே சொல்லப்பிடாது. அதான் சட்டம்.”

ஆயிரத்து நூறிலும் ஒரேயடியாக ஜெயிக்க இதைவிட நல்ல நேரம் வராது. அவள் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் சொன்னதே இருக்கட்டும்,” என்றாள். “எல்லாத்துலயும். என்னோடதை எடுத்துருங்க.”

“அதுல பத்தரை பங்குதான் வரும்.”

“வரட்டும். அவரைத் தொட எனக்கு மனசு வரல.”

கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

திறந்தபோது மேசையிலிருந்த தேநீரில் ஏடு படிந்திருந்தது. அவள் விரலில் மை இன்னும் கூடியிருந்தது. ஜெபசிங்கின் மூக்கு சிவந்திருந்தது.

“சாரும் அதையேதான் சொன்னார் மேடம். ‘அவ சொன்னதே இருக்கட்டும், என்னோடதை எடுத்துருங்க’ன்னு. அதே விரல், அதே கைநாட்டு.”

“அப்ப ரெண்டு பக்கமும் போயிட்டா?”

“போயிட்டு. பத்தரையும் பத்தரையும் இருபத்தொண்ணு. தடுப்பை நகத்தியாச்சு. சார்ட்ட சண்டையத் தவிர ஒண்ணும் குறையல.”

அவள் நம்பவில்லை. அவசர அவசரமாக உள்ளே தேடினாள். மெத்தைமேல் அவர் போடும் ஈரத்துண்டு இருந்தது. இருமல் மாதிரி வெடிக்கும் சிரிப்பு இருந்தது. கடைசி நாளில் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது இருந்தது. திருச்செந்தூர் என்றால் கடல் மட்டும் தெரிந்தது. நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப்போக, கடையென்றும் பாராமல் விம்மி அழுதாள். பிறகு பசித்தது. எதிர்க்கடையில் நான்கு இட்லி சாப்பிட்டாள்.

அன்று மாலை கதவில் எழுதி ஒட்டினாள்: ‘நாம ஆயிரத்து நூறு சண்டை போட்டிருக்கோமாமே. எதுக்குங்க?’

எட்டு மணிக்குப் பதில் இருந்தது: ‘தெரியல வடிவு. ஆனா தப்பு என் மேலதான் இருந்திருக்கும்.’

‘அதெப்படி நீங்களே முடிவு பண்ணலாம்? என் மேலதான் இருந்திருக்கும்.’

‘எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிடுவியோ? என் மேலதான்.’

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஃபிரிட்ஜ் கதவில் இடமில்லாமல் பக்கவாட்டிலும் சீட்டுகள் ஏறின. ஒவ்வொன்றையும் படிக்கும்போது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆவுடையப்பன் அப்படியே முழுசாக இருக்கிறார் என்று நிம்மதியாகவும் இருந்தது.

திங்கட்கிழமை கடலடி நிலையத்தில் ஏற்றுப்பொறியின் முன் அமர்ந்திருந்த அதிகாரி நெற்றியைச் சுருக்கினார்.

“இருபத்தொண்ணு காலின்னு கடைக்காரர் குடுத்த சீட்டுல இருக்கு. இங்க இருபதுதான் காட்டுது. மூணே நாள்ல என்னத்தை ஏத்துனீங்க?”

“வீட்டுக்காரர்கூடச் சின்ன வாக்குவாதம்.”

“நல்லவேளை. இருபது இருந்தாப் போதும், சாயுங்க.”

செண்பகவடிவு சாயவில்லை. அவள் பையில் அவருடைய கடைசிச் சீட்டு பதில் எழுதப்படாமல் கிடந்தது.

“ஒரு நிமிசம்,” என்றாள். “இங்க ஃபிரிட்ஜ் எங்க இருக்கு?”