லிப்கியின் கிழக்கு மூலை

பள்ளி விடுமுறையிலும் கலினா ஆறு மணிக்கு எழுந்தாள். கோழிக்கூண்டைத் திறந்துவிட்டாள். ஒன்பது முட்டைகளை எடுத்துக் கூடையில் வைத்தாள். பால்கஞ்சி குடித்தாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தாள்.

ஆணி காலியாக இருந்தது. நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும் அப்படித்தான்.

அந்த ஆணியில்தான் ஊர்ச்சுற்றுத் தாள் மாட்டியிருக்கும். கலினாவின் அம்மா லிப்கியின் ஊர்த்தலைவி. ஊருக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டுமென்றால் அம்மா ஒரு தாளில் எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுப்பாள். அவர்கள் படித்துவிட்டு அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். பத்தாம் வீட்டார் அதைத் திரும்பக் கொண்டுவந்து ஆணியில் மாட்டுவார்கள்.

நடுவில் எந்த வீட்டையும் தாண்டக் கூடாது. ஒருமுறை யாரோ மறந்துபோய் ஐந்தாம் வீட்டைத் தாண்டிவிட்டார்கள். ஐந்தாம் வீட்டார் கிறிஸ்துமஸ் வரை யாருக்கும் முகம் கொடுக்கவில்லை.

இந்த முறை சுற்றுக்குப் போனது முக்கியமான தாள். வட்டார அலுவலகம் புது வரைபடம் அச்சிடப் போகிறது. ஒவ்வொரு ஊரும் தன் குளம், மேடு, வயல், பாதை எல்லாவற்றுக்கும் பெயர் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள்.

பள்ளியில் தொங்கும் பழைய வரைபடத்தில் லிப்கியின் கிழக்குப் பக்கம் வெறும் வெள்ளை. பக்கத்து ஊர் ஆஸ்கார் அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பான்.

"உங்க ஊரு பாதியிலயே முடிஞ்சுபோச்சே! அந்தப் பக்கம் நடந்தா கீழ விழுந்துருவீங்களா?"

கலினா நீந்தப் பழகிய குளம் அந்த வெள்ளைக்குள்தான் இருந்தது. ஆனால் அதன் பெயர் அவளுக்குத் தெரியாது. அவளும் அம்மாவும் அதைக் 'குளம்' என்றே சொல்வார்கள்.

"அம்மா, இன்னைக்குத்தான் வெள்ளிக்கிழமை."

"தெரியும். எட்டாம் வீடு வரைக்கும் ஒழுங்கா போயிருக்கு." அம்மா பெருமூச்சு விட்டாள். "ஒன்பதுலயும் பத்துலயும் யாரு இருக்கான்னு உனக்கே தெரியுமே."

ஒன்பதாம் வீட்டில் கிளெமென்ஸ் மாமா. தேனீ வளர்ப்பவர். பத்தாம் வீட்டில் தியோடோரா அத்தை. ஆடு வளர்ப்பவள். ஆறு வருடத்துக்கு முன்னால் அறுவடைத் திருவிழாவில் அத்தை போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாயை மாமா கடித்துப் பார்த்தார். பாதிரியாருக்கு முன்னாலேயே, "ஒரே உப்பு! கடல் தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

கலினா நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தாள்.

கிளெமென்ஸ் மாமா தேன்பெட்டிக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தார்.

"தாளா? செவ்வாக்கிழமையே குடுத்துட்டேனே."

"யார்கிட்ட மாமா?"

"வேலிக்கம்பத்துகிட்ட. மேல ஒரு கல்லும் வச்சேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தியோடோரா அத்தை திரும்பாமலே சொன்னாள். "வேலியில கெடக்கிறத எடுக்க நான் என்ன காக்காயா? கையில குடுத்தாத்தான் அது தாள்!"

கலினா கம்பத்தைப் பார்த்தாள். கல் கீழே கிடந்தது. பக்கத்தில் அத்தையின் ஆடு சீமாட்டி நிதானமாக எதையோ மென்றுகொண்டிருந்தது.

"ஐயோ! சீமாட்டி, விடு!"

இழுத்ததில் தாளின் மேல்பாதி கையோடு வந்தது. எட்டு வீட்டார் எழுதிய பெயர்கள் தப்பித்தன. இந்த இரண்டு வீடுகளுக்காக விட்டிருந்த கீழ்ப்பாதி சீமாட்டியின் வயிற்றுக்குப் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் சொல்லலாம். அம்மா வந்து திட்டுவாள். திட்டினால் இவர்கள் வாயை இன்னும் இறுக்கிக்கொள்வார்கள். கிழக்குப் பக்கத்துப் பெயர்கள் தெரிந்தவர்கள் ஊரில் இந்த இரண்டு பேர் மட்டும்தான்.

கலினா ஒரு வாளியைக் கவிழ்த்து வேலியோரத்தில் போட்டாள். அதில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"நான் இங்கதான் உக்காரப் போறேன். ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் எழுதுவேன். முதல்ல குளம்."

"நாரைக் குளம்," என்றார் மாமா.

"அந்தாள்கிட்ட சொல்லு," என்றாள் அத்தை. "நாரை வந்து இருபது வருசம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி குளம் பேரில்லாமலா கெடந்துச்சு? நாரெடுக்கச் சணல் ஊறப்போட்ட குளம் அது. சணல் குளம்!"

"அந்தம்மாகிட்ட சொல்லு, இப்ப யாரு சணல் ஊறப்போடுறாங்களாம்?"

"மாமா, அவங்க ரெண்டடி தூரத்துலதான் நிக்கிறாங்க."

"தெரியும். சொல்லு."

கலினா சொன்னாள். சீமாட்டியும் ஒருமுறை கத்தியது.

கலினா யோசித்தாள். 'சணல் குளம்' என்று எழுதினாள். பக்கத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு நாரையை வரைந்தாள். இரண்டு தலைகள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தன.

"ம்," என்றது ஒரு தலை.

"ம்," என்றது இன்னொன்று.

அடுத்தது காட்டுப் பாதையின் வளைவு. அது கரடி வளைவாம்.

"கரடி வந்துச்சா?" கலினாவின் கண்கள் விரிந்தன.

"கரடி எங்க வந்துச்சு! கம்பளிக் கோட்டு போட்டுக்கிட்டுத் தபால்காரர் வந்தார். இந்தம்மாவோட பெரியப்பா மரத்துல ஏறிட்டார்."

"அந்தாள்கிட்ட சொல்லு, அதே மரத்துல அவரோட பெரியப்பாவும்தான் இருந்தார்!"

கலினா சிரித்த சிரிப்பில் வாளி சாய்ந்தது. மணி பன்னிரண்டானது. நோட்டில் பக்கம் நிறைந்துகொண்டே வந்தது.

"கடைசியா அந்த மேடு."

"மணி மேடு." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் வேறுபக்கம் பார்த்தார்கள்.

"ஏன் அந்தப் பேரு?"

மாமா தேனீவலைத் தொப்பியைக் கழற்றினார். "போர்க்காலத்துல படைக்காரங்க ஊர் ஊராப் போயி கோயில் மணியெல்லாம் கழட்டி பீரங்கிக்கு உருக்கினாங்க. நம்ம மணிய நாலு பேரு வைக்கோல் வண்டியில மறைச்சுக் கொண்டுபோயி அந்த மேட்டுல புதைச்சாங்க. எங்க தாத்தா ஒருத்தர்."

தொப்பியை வேலிக்கம்பத்தில் மாட்டினார்.

"அந்தம்மாகிட்ட சொல்லு, பாதி வழியில வண்டி அச்சு முறிஞ்சுபோச்சு. அவங்க தாத்தாதான் மணிய முதுகுல சுமந்துகிட்டு மேடு ஏறினாராம். எங்க தாத்தா சாகுற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருந்தார்."

கலினா அத்தை பக்கம் திரும்பினாள். அத்தை ஏற்கெனவே காய்ந்த துணியை மறுபடி உதறிக்கொண்டிருந்தாள்.

"அந்தாள்கிட்ட சொல்லு, அந்த அச்ச முறிச்சதே அவரோட தாத்தாதான்னு."

ஆனால் குரலில் முள் இல்லை. மாமா தாடியைத் தடவிச் சிரித்தார்.

இரண்டே முக்காலுக்கு கலினா வட்டார அலுவலகத்தில் பாதித் தாளையும் நோட்டுப் பக்கத்தையும் நீட்டினாள். அங்கிருந்த பெண் தாளின் ஓரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"இது என்ன, பல்தடமா?"

"எங்க சீமாட்டியோடது," என்றாள் கலினா.

செப்டம்பரில் புது வரைபடம் பள்ளிக்கு வந்தது. ஆஸ்காரின் விரல் லிப்கியைத் தாண்டிக் கிழக்கே போனது. கீழே விழவில்லை. கரடி வளைவில் திரும்பி, ஒரு குட்டி நாரையைக் கடந்து, ஒரு மேட்டில் நின்றது.

"மணி மேடா? அங்க நிஜமாவே மணி இருக்கா?"

"இப்ப கோபுரத்துல இருக்கு. தினம் உன் காதுல விழுதே, அதேதான்."

ஆஸ்கார் வரைபடத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறுவடைத் திருவிழா. கோதுமைக் கதிர் வளையம் ஊர்வலம் போய் முடிந்து, எல்லோரும் நீள மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் கிளெமென்ஸ் மாமா, பக்கத்தில் கலினா. தியோடோரா அத்தை வந்தாள். மாமாவின் முன்னால் ஒரு தட்டை ணங்கென்று வைத்தாள். தட்டு நிறைய வெள்ளரிக்காய் ஊறுகாய்.

மேசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிரியார்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மாமா ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"கலினா, அந்தாள்கிட்ட கேளு..." என்று அத்தை ஆரம்பித்தாள்.

கலினா சட்டென்று ஒரு பெரிய கசகசா கேக் துண்டை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கன்னங்கள் இரண்டும் உப்பின. பேச முடியாது என்று தலையை ஆட்டினாள்.

அத்தை அவளை முறைத்தாள். மேசையைச் சுற்றிப் பார்த்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன கிளெமென்ஸ், உப்பு சரியா இருக்கா?"