பட்டினி கிடந்த ராணிகள்

நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர், உதவி கேட்டு யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. அன்று காலை ஏறினார். தம்பியின் பெயருக்கு இழுக்கு வந்துவிட்டது. தம்பி உயிரோடு இருந்தால் அது அவன் பாடு என்று விட்டிருப்பார். போனவனுக்காகப் பேச அண்ணனைத் தவிர ஆளில்லை.

கதவைத் திறந்த அம்மையார் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தீப்பிடித்த கடைக்குள் சாம்பல் ஆறுமுன் நுழைந்து, நெருப்பு எந்த மூலையில் தொடங்கியது என்று கண்டு சொல்வது அவர் தொழிலாக இருந்தது. இப்போது அக்கம்பக்கத்தார் தங்கள் சிக்கல்களை அவரிடம் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கூடவே இருந்தவர் அவருடைய கொழுந்தன், மருந்துக்கடைக்காரர். கடையை மகன் தலையில் கட்டிவிட்டு, அண்ணி போகும் இடமெல்லாம் நிழல்போல் போகிறவர்.

பெரியவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். தம்பி பல்செட் செய்கிறவன். வேலை முடிந்த மாலைகளில் எறும்பு வளர்த்தான். உலகத்தில் இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா என்று அண்ணன் திட்டிய காலமுண்டு. சின்ன வயதில் அளவைக்கோல் பிடிக்கக் கூட்டிப்போனால், காலடியில் ஊரும் எறும்பைப் பார்த்துக்கொண்டே கோலைச் சாய்த்துவிடுவான். பிறகு இணையத்தில் அவனைப் போன்றவர்கள் கூடும் மன்றம் ஒன்று கிடைத்தது. அங்கே அவனுக்குக் 'குழாயண்ணன்' என்று பெயர். ராணி எறும்பைக் கண்ணாடிக் குழாயில் வைத்துக் குடும்பமாக்கும் முறையை அவன் எழுதிய பதிவுதான் புதியவர்களுக்கெல்லாம் பாலபாடம்.

"போன வருஷம் வரைக்கும் பிழைச்சுச்சு, இப்ப அதைப் படிச்சு வளர்த்தவங்க ராணியெல்லாம் சாகுதாம். ஒரு பாட்டு டீச்சர் எழுதியிருக்காங்க, குழாயண்ணன் சொன்னது பொய்னு. ஞாயித்துக்கிழமை பதிவையே எடுத்துடப் போறாங்க. எங்க குடும்பத்துல பொய் சொன்னவன்னு ஒருத்தன் கிடையாதும்மா."

அந்த முறை என்ன என்று அம்மையார் கேட்டார். பெரியவருக்கு மனப்பாடம். குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வை. முதல் குஞ்சுகள் வேலைக்கு வரும்வரை உணவு எதுவும் வைக்காதே, கட்டெறும்பு ராணி தன் கட்டுச்சோற்றை உடம்பிலேயே கொண்டு வருகிறாள்.

"பஞ்சு," என்றார் மருந்துக்கடைக்காரர். "மருந்து ஏத்தின பஞ்சை வாங்கி அடைச்சிருப்பாங்க. எழுதி வச்சுக்குங்க அண்ணி."

"அப்படின்னா போன வருஷமும் செத்திருக்கணுமே தம்பி."

அடுத்து மருந்துக்கடைக்காரர், பொறாமைக்காரன் எவனோ பதிவைத் திருத்திவிட்டான் என்றார். அதுவும் நிற்கவில்லை. ஒரு எழுத்தைத் தொட்டாலும் பதிவின் கீழே 'திருத்தப்பட்டது' என்று விழுமாம். அப்படி எதுவும் விழவில்லை.

பெரியவர் கைபேசியில் பதிவைத் திறந்து நீட்டினார். எழுத்துக்கு மேலே ஒரு படம். கறுப்பு ராணி ஒன்று குழாயில் இருந்தது. ஒல்லியான உடம்பு.

"இது அவன் மேஜைதான். அடியில தெரியுதே ரோஸ் கலர் மெழுகுத் தகடு, அது பல்செட்டுக்கு. ராணி பக்கத்துல பாருங்க, கடுகளவு தேன் பொட்டு. சிந்தாம சிதறாம வச்சிருக்கான். கை அவ்வளவு சுத்தம்."

அம்மையார் படத்தை வெகுநேரம் பார்த்தார். அதே காலத்தில் மற்றவர்கள் எழுதிய பதிவுகளையும் காட்டச் சொன்னார். அவற்றில் படம் இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல்நிறக் கட்டம். படம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி.

"தம்பியோட வேலை அறை இன்னும் அப்படியே இருக்கா?" என்றார். "அந்த டீச்சரையும் மன்றத்தை நடத்துறவரையும் அங்க வரச் சொல்லுங்க."

அறை அப்படியே இருந்தது. அலமாரியில் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசையாகச் சிரித்தன. அதே சாந்தில் அவன் எறும்புகளுக்கு வீடும் கட்டியிருந்தான். அறைகளும் வழிகளும் வெறுமையாக இருந்தன. மன்றத்தை நடத்துகிறவர் பேக்கரிக்காரர். கை கழுவியும் மாவு வாசம் போகாத மனிதர். அவர் எறும்பு வளர்த்ததில்லை, எறும்பு வளர்ப்பவர்களை வளர்த்தவர். அந்தச் சாந்து வீட்டைத் தொட்டுப் பார்த்ததும் பழைய காலம் அவருக்குப் பொங்கிவிட்டது. முதல் மழைக்கு மறுநாள் மாலை ராணிகள் பறக்கும். முகம் தெரியாதவர்கள் எங்கெங்கிருந்தோ 'இங்கே பறந்தன' என்று எழுதுவார்கள். யார் எதை எழுதினாலும் 'பார்த்தது' அல்லது 'கேட்டது' என்று முதலில் போடவேண்டும். குழாயண்ணன் கொண்டுவந்த வழக்கம் அது. ஒருமுறை குழாயண்ணனே எழுதினாராம்: 'பார்த்தது. அவசரப்பட்டுக் குழாயை ஆட்டினேன். ராணி தன் முட்டைகளைத் தின்றுவிட்டாள். தவறு என்னுடையது. நீங்கள் செய்யாதீர்கள்.'

பெரியவருக்குச் சுருக்கென்றது. தம்பி தன் தவற்றை இப்படி ஊரறிய எழுதியது அவருக்குத் தெரியாது.

"இப்ப எல்லாரும் கைபேசிக் குழுவுக்குப் போயிட்டாங்க," என்றார் பேக்கரிக்காரர். "பழைய ஆளுங்க அந்தப் பதிவைத் திறந்தே வருஷமாச்சு. புதுசா வர்றவங்க மட்டும்தான் படிக்கிறாங்க."

பாட்டு டீச்சர் வாசலோரமே நின்றிருந்தார். தான் எழுதியது எழுதியதுதான், அந்தப் பதிவில் சொன்னபடி செய்து ராணிகளை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்ததாகச் சொன்னார். அம்மையார் அவரை மறுக்கவில்லை.

"எரிஞ்ச கடையில எல்லாரும் எரிஞ்சதைத்தான் காட்டுவாங்க. நான் எரியாம நின்னதைக் கேப்பேன். உங்க வீட்டுல பிழைச்சது ஏதாவது இருக்கா?"

டீச்சர் தரையைப் பார்த்தார். "ஒண்ணு இருக்கு. அது குழாய் வாயையே சுத்திச் சுத்தி வந்துச்சு. மனசு கேக்கலை. கொஞ்சம் தேன் வச்சேன்."

"அதை ஏன் எழுதலை?"

"சொன்னதை மீறினேன்னு ஆயிடும். அப்புறம் செத்ததுக்கெல்லாம் நான்தான் காரணம்னு என்னையே தாளிச்சிருப்பாங்க."

மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "அப்ப பதிவு தப்பு."

"பதிவு சரி. உட்காருங்க தம்பி." அம்மையார் கைபேசியை மேஜையில் வைத்தார். "டீச்சரம்மா, உங்ககிட்ட இருக்கிறது கட்டெறும்புன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"அந்தப் படத்தோட வச்சுப் பார்த்தேன். அச்சு அசலா இருந்துச்சு."

"அங்கதான் நெருப்பு பிடிச்சிருக்கு. உணவே வைக்காதேன்னு எழுதினவர், அதுக்கு மேல தேன் வச்ச படத்தைப் போடுவாரா? பெரியவர் அந்தப் பொட்டுல தம்பியோட கைச்சுத்தத்தைப் பார்த்தார். நீங்க யாரும் அதைத் தேன்னே பார்க்கலை. அடுத்தது, உடம்புலேயே கட்டுச்சோறு கொண்டு வர்ற ராணிக்கு வயிறு பருத்திருக்கணும். இவ ஒல்லி. இது வேற ஜாதி. அதே கறுப்பு, ஆனா குஞ்சு வளர்க்கிற காலத்துலயும் வெளியே போய் இரை தேடித் தின்கிறவ. அதனாலதான் உங்க ராணி குழாய் வாயையே சுத்திச் சுத்தி வந்தா. இவளை அடைச்சுப் பட்டினி போட்டா சாகாம என்ன செய்வா?"

"படம் என் தம்பி எடுத்ததுதானே?" என்றார் பெரியவர்.

"எடுத்தது அவர்தான். அங்க மாட்டினது அவர் இல்லை. ஒரு தெருவுல எல்லா வீட்டுக் கண்ணாடியும் நொறுங்கிக் கிடக்கு, ஒரு வீட்டுல மட்டும் கண்ணாடி பளபளன்னு இருக்குன்னா, அது பிறகு மாட்டினது. படங்களைச் சேர்த்து வச்ச நிறுவனம் மூடிப்போயிருக்கணும். எல்லாப் படமும் போயிடுச்சு. படம் வேற இடத்துலேர்ந்து வர்றதால, அதை மாத்தினா 'திருத்தப்பட்டது'ன்னு விழாது. அந்தச் சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கும்."

பேக்கரிக்காரர் மறைக்கவில்லை. நண்பன் போன பிறகு அந்தச் சாம்பல் கட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். கல்லறைக் கல்லில் எழுத்து அழிந்ததுபோல் இருந்ததாம். குழாயண்ணன் கடைசியாக அனுப்பிய படம் கையில் இருந்தது. அவர் மேஜை, அவர் மெழுகு, அவர் ராணி. அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"அதுல 'பார்த்தது'ன்னோ 'கேட்டது'ன்னோ எழுதியிருந்தாரா?" என்றார் அம்மையார்.

"எதுவும் எழுதலை. இது என்னன்னு முழுசாத் தெரியட்டும், அப்புறம் எழுதறேன்னார். அதுக்குள்ள போயிட்டார்."

பிறகு பேக்கரிக்காரரே ஒரு வழி சொன்னார். படத்தை ஓசைப்படாமல் எடுத்துவிடலாம். டீச்சர் தன் புகாரைத் திரும்பப் பெறலாம். குழாயண்ணன் பெயரும் சுத்தம், யார் முகத்திலும் கரி இல்லை. டீச்சரும் தலையசைத்தார்.

பெரியவர் தேடிவந்தது இதைத்தான். குடும்பத்தின் பெயர் துடைத்து வைத்த பாத்திரமாகத் திரும்பி வருகிறது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவர் கேட்டது வேறு.

"அந்தப் படத்தைப் பார்த்து வளர்க்கிறவங்க இன்னும் இருப்பாங்களா?"

"இருப்பாங்க. தினமும் யாராவது திறக்கிறாங்க."

"அவங்க வீட்டுல இந்நேரம் பட்டினி கிடக்குமே. ஓசைப்படாம எடுத்தா அவங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் மேஜையருகே போனார். "படம் அப்படியே இருக்கட்டும். குறுக்கே ஒரு கோடு போடுங்க. இது கட்டெறும்பு இல்லை, இதுக்குச் சாப்பாடு வைங்கன்னு எழுதுங்க. மாட்டினது யாருன்னும் எழுதுங்க. டீச்சரம்மா, பிழைச்ச ராணியைப் பத்தி நீங்களும் எழுதணும். என் தம்பி தன் தப்பைத் தானே எழுதினவன். அவன் பேரைக் காப்பாத்த நாம தப்பை மறைச்சா, அவனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது."

பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டச்சு செய்தார். டீச்சர் தன் பங்கைச் சொல்லச் சொல்ல, மருந்துக்கடைக்காரர் பேக்கரிக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொல் சொல்லாகத் திருத்தம் சொன்னார். பெரியவர் தம்பியின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பல் கடையும் அந்த இயந்திரத்தின் எதிரே அவர் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

மதியம் திரும்புவதற்குள் முதல் பதில் வந்தது. யாரோ, எங்கிருந்தோ எழுதியிருந்தார். பேக்கரிக்காரர் உரக்கப் படித்தார்: "தேன் வைத்தேன். குடிக்கிறாள்."

பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் குடிச்சாள்னு கேளுங்க," என்றார்.