ஐம்பத்து மூன்றாவது வாரம்

மூடிக் கிடந்த இறைச்சி ஆலையில் சூடான ரத்த வாடை அடித்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே கடைசி மாட்டை வெட்டி, தரையைக் கொதிநீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். ராக்ஹாம்ப்டனில் அது கோடை விடுமுறை; பாதி ஊர் கடற்கரைக்குக் கிளம்பிப் போயிருந்தது. மாடி அறையில் ரொவீனா மட்டும், தகரக் கூரை வெயிலில் விரிந்து சொடக்குப் போடும் ஓசைக்கு நடுவே, கழுத்தில் வழியும் வியர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை ஆலை திறந்ததும் இறைச்சிப் பெட்டிகளில் வார எண் அச்சாக வேண்டும். ஆலையின் சொந்த ஸ்பிரெட்ஷீட்டில் அதைக் கணக்கிடும் ஃபங்ஷன் இல்லை. அதை எழுதத்தான் புத்தாண்டன்றும் வந்திருந்தாள். திங்களில் தொடங்கும் ஒரு வாரத்தின் வியாழக்கிழமை எந்த வருஷத்தில் விழுகிறதோ, வாரமும் அந்த வருஷத்துக்கே சொந்தம். இன்று வெள்ளி, நேற்றைய வியாழன் போன வருஷத்தோடு போய்விட்டது. இன்றைய தேதியைக் கொடுத்தாள். ஐம்பத்து மூன்று என்று வந்தது. சரியான விடைதான்.

கீழே, வெட்டுக்கூடத்தில், மாடுகளைத் தொங்கவிட்டு இழுத்துப்போகும் கொக்கிச் சங்கிலி நகர்ந்தது.

வாரம் ஞாயிறில் தொடங்குவதாகவும், ஜனவரி ஒன்று விழும் வாரமே முதல் வாரம் என்றும் மாற்றிப் பார்த்தாள். விடை ஒன்று. சங்கிலி நின்றது. மறுபடி திங்கள். ஐம்பத்து மூன்று. கொக்கிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிளம்பின. அவளுடைய கம்ப்யூட்டருக்கும் அந்தச் சங்கிலிக்கும் ஒரு கம்பிகூடத் தொடர்பில்லை. அவசரமாக ஞாயிறுக்கே மாற்றினாள்.

காவலுக்கு இருந்த ஃபிட்டர் டரிலை மேலே கூப்பிட்டுச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"மெயின் ஃபியூஸையே பிடுங்கி வச்சிருக்கேன், ரோ. அது எப்படி ஓடும்? நேத்து குடிச்சது உனக்கு இன்னும் இறங்கலையா?"

வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அவனோ, தான் கீழே போய் நிற்பதாகவும், வாக்கி டாக்கியில் சொன்னதும் அவள் அந்த ஐம்பத்து மூன்றைத் திரையில் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, விசிலடித்துக்கொண்டே படியிறங்கினான்.

சொன்னான். கொண்டுவந்தாள்.

சங்கிலி ஓடியது. முதலில் விசில் நின்றது. பிறகு எதுவோ ஈரத்தோடு கிழிந்தது. பிறகு டரிலின் அலறல். கன்று கத்துவது போல, நீளமாக.

விரல்கள் வழுக்கின. ஞாயிறு. ஒன்று.

சங்கிலி நின்றது. கூரைகூட அடங்கிப்போனது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "ரோ... நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன், டரில். நிறுத்திட்டேன்."

மூச்சு. கொழகொழவென்று ஒரு மூச்சு.

"அப்போ நான் ஏன் இன்னும் போயிட்டிருக்கேன்?"

எழுந்தாள். வெட்டுக்கூடத்தைப் பார்த்த கண்ணாடி ஜன்னலுக்குப் போனாள்.

கொக்கிகள் அசையவில்லை. எல்லாமே காலி. அவற்றுக்குக் கீழே, எதிலும் தொங்காமல், தலைகீழாக, டரில் வந்துகொண்டிருந்தான். கணுக்காலிலிருந்து தோல் உரிந்து, இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. உரிப்பவர் யாருமில்லை. கண்கள் திறந்தே இருந்தன. கழுத்தை எட்டிய தோலை அவன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், சட்டையைக் கழற்றவிடாத பிள்ளையைப் போல.