ஆணி அடிக்காத வீடு

"தெருவுல போறவன் வர்றவன் காலையெல்லாம் பிடிக்கிறே... வீட்டுக்கு வந்த பொண்ணு காலைத் தொட மட்டும் உனக்குக் கை கூசுதோ?"

அடுப்பில் கிழங்குக் கஞ்சி கொதிப்பதற்கு முன்பே மாமியார் யூச்சின் கொதித்துவிட்டாள். மூத்த மருமகள் பீஷியா மரத்தொட்டியில் வெந்நீரை ஊற்றி, தட்டிய இஞ்சியைப் போட்டாள். பஸ் ஓட்டுகிற கோ அதில் காலை விட்டபடி, எதுவும் காதில் விழாதவர் மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தைவானின் தைதுங் ஊரில் அந்தத் தெருவுக்கே பீஷியாவின் முன்னறைதான் ஆறுதல். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் மூட்டால் உள்ளங்காலில் இடம் பார்த்து அழுத்துவாள். "நோய்னா டாக்டர்கிட்ட போங்க, அசதின்னா என்கிட்ட வாங்க" என்பதுதான் அவள் பேச்சு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் விடாத ஆம்பிளை தெருவில் கிடையாது. அழுது முடித்த கையோடு அங்கேயே குறட்டையும் விடுவார்கள்.

சின்ன மருமகள் ரூலான், முன்னோர் சமாதியைச் சுத்தம் செய்யும் பண்டிகைக்காகத் தைபேயிலிருந்து முந்தின நாள்தான் தனியாக வந்திருந்தாள். புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று ராத்திரியே, வெளிறிப்போன அவள் முகத்தைப் பார்த்த மாமியார், "பீஷியா, இவ காலைக் கொஞ்சம் பிடிச்சுவிடு, நல்லாத் தூங்கட்டும்" என்றாள். பீஷியாவும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். ரூலான் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா... வேணாம். முழுகாம இருக்கேன். ரெண்டு மாசம்."

பீஷியா தொட்டியைத் தள்ளி வைத்தாள். மூன்று மாதம் தாண்டும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது, கருவைக் காக்கிற சாமிக்கு ஆகாது என்பது அங்கே வழக்கம். போன தடவை ரூலான் அப்படித்தான் எதுவும் சொல்லாமல் பீஷியாவிடம் காலை நீட்டினாள். கொஞ்ச நாளில் கரு கலைந்துவிட்டது. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா" என்று டாக்டர் அடித்துச் சொன்னார். பீஷியாவின் மனசுதான் கேட்கவில்லை. அந்த விஷயம் இந்த வீட்டில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"அத்தைகிட்டகூட சொல்லிடாதீங்கக்கா... இதுவும் தங்கலைன்னா அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்!"

"சரிடி. நான் பிடிக்க மாட்டேன்னுட்டேன்னு இருக்கட்டும். பழி என்மேலயே வரட்டும், போ."

வந்தது பழி, மூட்டை மூட்டையாக!

"இத்தனை நாள் இந்தக் கையை வெச்சுத்தான் பேர் வாங்கினே" என்றாள் யூச்சின். "என் வீட்டுப் பொண்ணுக்கு ஆகாத கை ஊருக்கு எதுக்கு? நாளையிலேர்ந்து இந்த அறையில தொட்டியும் வேணாம், நாற்காலியும் வேணாம். சாமான் போட்டு வைக்கிறேன்!"

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், பீஷியாவின் பெயர்ப் பலகையை ஆணியோடு பிடுங்கி எடுத்தே விட்டாள். கல்யாணமான புதிதில் புருஷன் வென்தாங் தன் கையால் எழுதி மாட்டிய பலகை அது. பீஷியா வாய் திறந்தால், ஒரே ஒரு வார்த்தை போதும், எல்லாம் சரியாகிவிடும்... கதவிடுக்கில் நின்ற ரூலான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று பீஷியா கண்ணால் அடக்கினாள்.

"ஏன் பீஷியா, ஒருவாட்டி பிடிச்சுவிட்டாத்தான் என்ன?" என்றான், சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த வென்தாங்.

"நீங்களுமா?" என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள்.

மாமியார் நியாயம் கேட்கக் கோவிடம் திரும்பினாள். "நீயே சொல்லுப்பா! காலையில அந்தப் பொண்ணு மூஞ்சியில வெயில் அடிக்குதேன்னு திரை மாட்டச் சொன்னேன். ஆணி அடிக்கக் கூடாதுன்னு இவ புருஷன் கையிலேர்ந்து சுத்தியலைப் பிடுங்கிட்டா!"

"அடப்பாவமே!" என்றார் கோ.

"கட்டில் மேல இருந்த என் கத்தரிக்கோலை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா. நான் என்ன, வெட்டியா போடப் போறேன்? நேத்து ராத்திரி சொன்னேன், இன்னும் அவ காலைத் தொட மாட்டேங்கிறா. ஆணி கூடாது, கத்தரிக்கோல் கூடாது, கால்..."

யூச்சினின் வாய் அப்படியே நின்றது.

வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கும் வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள். கட்டிலில் கத்தரிக்கோல் வைக்க மாட்டார்கள். கால் அழுத்த மாட்டார்கள். பீஷியா இந்த வீட்டுக்கு வந்து முதல் பிள்ளை உண்டானபோது இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே யூச்சின்தான்!

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி ரூலானைப் பார்த்தாள். அப்புறம் பீஷியாவை. கேட்க முடியாது. கேட்டால் வெளியே சொன்ன மாதிரி ஆகிவிடும். கையிலிருந்த பலகை திடீரென்று கனத்தது.

"கத்தரிக்கோல் கூடாது... சரி, அப்புறம் என்ன பெரியம்மா?" என்றார் கோ ஆர்வமாக.

"அப்புறம் ஒண்ணுமில்லை. எனக்குத்தான் வயசாகிப் புத்தி கெட்டுப்போச்சு. காலைத் துடைச்சுக்கிட்டு எந்திரி."

"இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கலையே..."

"எந்திரின்னா எந்திரிப்பா!"

யூச்சினே புது வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். "உக்காருடி" என்று பீஷியாவைத் தோளில் அழுத்தி அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். அவள் பதறிக் காலை இழுக்க இழுக்க, பிடித்துத் தொட்டியில் விட்டாள்.

"ஐயோ, என்னத்தே இது! நீங்க போய் என் காலை..."

"எல்லார் காலையும் நீ பிடிக்கிறே. உன் காலை யாருடி பிடிச்சா இத்தனை வருஷத்துல?"

யூச்சினுக்கு இடமும் தெரியாது, அளவும் தெரியாது. முஷ்டியை வைத்துக் கண்டபடி அழுத்தினாள். பீஷியாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மாமியாருக்கும் கண் நிறைந்தது. குனிந்துகொண்டதால் அது வேறு யாருக்கும் தெரியவில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார் கோ.

"ஆமாண்ணே... வலிக்குது" என்றாள் பீஷியா, அழுதுகொண்டே சிரித்து.

சண்டை தீர்ந்த மாதிரி தெரியவும் வென்தாங்குக்கு உயிர் வந்தது. பலகையை எடுத்துத் துடைத்து, சுத்தியலும் ஆணியுமாக வாசலுக்குப் போனான். கையை ஓங்கினான்.

"டேய், ஆணி அடிக்காதே!" யூச்சின் ஈரக் கையோடு எழுந்து கத்தினாள். "கயித்துல கட்டுடா. கட்டி, என் மருமக பேரு தெருவுக்கே தெரியற மாதிரி நல்லா உயரத் தொங்க விடு!"

"ஏம்மா?" என்றான் அவன்.

கதவிடுக்கிலிருந்து ஓடிவந்த ரூலான், பீஷியாவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.