கூட்டத்துக்கு முன்பே வந்தவர்கள்

காலணி அடுக்கில் ஒரு ஜோடி பூட்ஸ் ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். வடதுருவத்தை ஒட்டிய ஊரான லாங்யியர்பியனில் ஈரப் பூட்ஸைப் பார்த்து யாரும் திடுக்கிட மாட்டார்கள். ஆனால் தோருன் ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் வெறும் காலுறையுமாக அப்படியே நின்றுவிட்டாள். பூட்டியிருந்த கதவை இப்போதுதான் அவளே சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்திருந்தாள்.

அந்த மரக்கட்டடம் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்களின் சாப்பாட்டுக்கூடம். கரித்தூளோடு உள்ளே வந்து தரையைப் பாழாக்க வேண்டாம் என்று சமையல்காரர்கள் வாசலிலேயே பூட்ஸைக் கழற்ற வைத்தார்கள். சுரங்கத்தை மூடியாயிற்று, கரியும் போயிற்று, கழற்றும் பழக்கம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. எவ்வளவு பெரிய பேராசிரியரானாலும் இங்கே காலுறையோடுதான் உள்ளே நடக்க வேண்டும். கால் சில்லிடுகிறவர்களுக்காக அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை, அது நிறையச் சாம்பல் நிறக் கம்பளிச் செருப்புகள். அடுத்த வாரம் துருவப் பனியையும் தட்பவெப்பத்தையும் ஆராய்கிறவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து இங்கே கூடப்போகிறார்கள். அவர்களுக்காகப் புதுச் செருப்புகளை வாங்கிக் கூம்பாக அடுக்கியவள் தோருன்தான். கூம்பின் உச்சியில் இப்போது ஒரு ஜோடியைக் காணவில்லை.

"யாரு உள்ள?" என்று கூப்பிட்டாள்.

கடிகாரத்துக்கு அது மத்தியானம். சன்னலுக்கு மையிருட்டு. சூரியன் நவம்பருக்கு முன்பே போனது, மார்ச் மாதம்தான் திரும்பும். அதுவரை பகலும் ஒன்றுதான் இரவும் ஒன்றுதான். கூரையில் காற்று உரசிக்கொண்டு போகும் ஓசையும், குழாய்களுக்குள் வெந்நீர் முனகும் ஓசையும், எங்கோ ஒரு பலகை குளிரில் சுருங்கிப் படக்கென்று முறிகிற ஓசையும் அவளுக்குப் பழகியவை; அவற்றுக்கு நடுவே, மாடியில் கம்பளி அடிகள் மரத்தரையைத் தேய்த்துக்கொண்டு மெதுவாகப் போவது போல ஒன்று கேட்டது, அவள் காதைத் தீட்டியதும் நின்றுவிட்டது. குனிந்து பூட்ஸுக்கு அடியில் தேங்கியிருந்த நீரை விரலால் தொட்டு முகர்ந்தாள். பனி உருகிய தண்ணீருக்கு வாசனை கிடையாது. இதில் உப்பும் கடற்பாசியும் வீசின. கடற்பனியில் துளை போட்டு அதன் கனத்தை அளப்பதே அவளுடைய பிழைப்பு. துளைக்குள்ளிருந்து முதன்முதலில் பொங்கி வருகிற நீருக்கு இதே வாடைதான்.

மாடிக்குப் போய்ப் பார்த்தாள். அரங்கில் காலி நாற்காலிகள். அவ்வளவுதான்.

கூட்டத்தை ஏற்பாடு செய்கிற ஹால்வரைத் தொலைபேசியில் பிடித்தாள். மைக் மாட்ட வந்த பையன்களாக இருக்கும் என்றார் அவர், அவர்களிடமும் ஒரு சாவி இருக்கிறதாம். அதோடு விடவில்லை. "ஏம்மா தோருன், இருட்டு தலைக்கு ஏறிடுச்சா? ஒழுங்கா மீன் எண்ணெய் குடிக்கிறியா இல்லியா?" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். மைக் பையன்கள் இன்னும் வரவே இல்லை என்பது மறுநாள் தெரிந்தது. அன்றைக்கு அடுக்கில் ஈரப் பூட்ஸுகள் ஒரு வரிசைக்குச் சேர்ந்திருந்தன, கூடையில் செருப்புகள் அந்த அளவுக்குக் குறைந்திருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், பயந்தது பூட்ஸுக்காக மட்டும் இல்லை. கூட்டத்தின் கடைசி நாளில் விருந்தினர்களைச் சங்கிலிச் சக்கர வண்டிகளில் ஏற்றி, உறைந்த கடற்கழியைக் கடந்து பனியாற்று முகப்புக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். முன்வண்டியை ஓட்டப்போகிற வழிகாட்டி எய்விண்ட், அவள் புருஷன். இந்த வருஷம் ஜனவரியிலேயே மழை கொட்டியது. அவள் போய் அளந்தபோது பனியின் கனம் ஆபத்துக் கோட்டுக்கு நூலளவுதான் மேலே இருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஹால்வரின் முகத்தைப் பார்த்து, சரி, போகலாம் என்று சொல்லிவிட்டாள். அந்தச் "சரி" அன்றிலிருந்து தொண்டையில் முள்ளாக நின்றது.

மூன்றாம் நாள் அடுக்கு நிறைந்துவிட்டது.

பெரிய பூட்ஸ், சிறிய பூட்ஸ், வெளிநாட்டுத் தினுசுகள், கடையில் வாங்கிய மடிப்புகூடக் கலையாத புதுசுகள். எல்லாவற்றிலிருந்தும் நீர் சொட்டி, தட்டுக்குத் தட்டு இறங்கி, தரையில் ஓடி அவள் காலுறையைத் தொட்டது. கூடை காலி. மாடியில் நாற்காலிகள் இழுபட்டன. யாரோ தொண்டையைச் செருமினார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்து, தாளைப் புரட்டி, ஒருவரோடொருவர் கிசுகிசுத்து, பேச்சாளர் எழுந்ததும் அடங்குவார்களே, அப்படி ஒரு அடங்கல். பிறகு அமைதி.

காத்திருந்தார்கள்.

யாருக்காக?

அடுக்கின் கடைசித் தட்டைப் பார்த்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேய்ந்த பழுப்பு பூட்ஸ். வலது காலில் தோல் கயிறு, இடது காலில் ஆரஞ்சு நிற நைலான் கயிறு. போன குளிர்காலம் கயிறு அறுந்தபோது கூடாரக் கயிற்றை வெட்டிக் கோத்துக் கொடுத்தவள் அவளே. அதன் வாய்வரைக்கும் நீர் தளும்பி நின்றது. எய்விண்டை அழைத்தாள்.

உடனே எடுத்தான். வீட்டில்தான் இருந்தான், மீன் சூப் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது. அவன் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பூட்ஸ் எங்கே என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு. காஞ்சு கருவாடா இருக்கு. வேணும்னா ஃபோன்ல மோந்து பாக்கிறியா?"

"எய்விண்ட், அந்தக் கடற்கழிக்கு ஆளுங்கள கூட்டிட்டுப் போகாத. சத்தியமா சொல்றேன், போகாத."

அவள் குரலில் இருந்தது அவனை உலுக்கியிருக்க வேண்டும். கேலி பேசாமல் சரி என்றான். அந்தச் சூட்டோடு ஹால்வரையும் அழைத்து, பயணத்தை ரத்துசெய்யச் சொன்னாள். இதைச் சொல்லிச் சொல்லித்தானே எல்லாரையும் இவ்வளவு தூரம் வரவழைத்தேன் என்று முனகினார். பிறகு, "பனியை அளக்கிறவ நீ. நீ வேணாம்னா வேணாம்" என்று வைத்துவிட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அடுக்கு காலியாக இருந்தது. தரை உலர்ந்திருந்தது. கூடையில் செருப்புகள் அவள் வைத்தபடியே கூம்பாக நின்றன.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போனபோது எய்விண்ட் வழக்கம்போல அவளுடைய வீட்டுச் செருப்பை அடுப்பருகே சூடாக்கி, நுனி அவள் பக்கம் பார்த்திருக்கும்படி திருப்பி வைத்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து இது அவனுடைய வேலை. வெறுங்காலோடு திரிகிற உன்னைப் போல ஒருத்தியை இந்தத் துருவத்திலேயே பார்த்ததில்லை என்று திட்டிக்கொண்டேதான் வைப்பான். கால்விரல்களில் சூடு ஏற ஏற, அவளுக்கு உயிரே திரும்பி வந்தது. பயணம் நின்றது, யாரும் சாகப்போவதில்லை. சூப்பை இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.

விருந்தினர்கள் வந்திறங்குவதற்கு முதல் நாள். கூட்டத்துக்காக விமானத்தில் வந்த அறிவிப்புப் பலகைகளையும் திரைச்சீலையையும் எடுத்துவர அவள் விமான நிலையத்துக்குப் போனாள். தொலைபேசி பையின் அடியில் கிடந்தது. திரும்பும்போது தலைக்கு மேலே மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து கிழக்கே போனது. பாவம், எந்த அசட்டுச் சுற்றுலாப் பயணி எங்கே மாட்டிக்கொண்டானோ என்று நினைத்தாள். பலகைகளை இறக்கி வாசலில் சாத்திவிட்டு, கதவைத் திறந்தாள்.

உப்பு வாடை.

அடுக்கில் ஒரே ஒரு ஜோடி. பழுப்பு. ஒரு காலில் ஆரஞ்சுக் கயிறு.

பையைத் தரையில் கவிழ்த்துத் தொலைபேசியைத் துழாவி எடுத்தாள். தவறிய அழைப்புகள் பல, தெரியாத எண்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், காலையில், எய்விண்ட் விட்டிருந்த குரல் செய்தி. பின்னால் பனி ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"தோருன், திட்டாத. ஹால்வர் கூப்பிட்டாரு. பாவம், மனுஷன் ரொம்ப வாடிப்போயிட்டாரு. யாரையும் கூட்டிட்டுப் போகல, நான் மட்டும்தான். ஆளுங்கள கூட்டிட்டுப் போகாதன்னுதானே நீ சொன்ன? ரெண்டு எடத்துல துளை போட்டுப் பாத்துட்டு வந்துடறேன். பனி நல்லா இருந்துச்சுன்னா உன் பயமும் தெளிஞ்சிடும். உனக்காகத்தான் போறேன். சூப் மிச்சம் இருக்கு, வந்து சூடு பண்றேன்."

தனியாகக் கடற்பனிமேல் போகாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் அவன். அவளுடைய பயத்தைத் தீர்க்கப் போயிருக்கிறான். அவள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவன் வீட்டில் இருந்திருப்பான்.

மாடியில் கம்பளி அடிகள். நிதானமாக. ஒருவருடையது மட்டும். எங்கே கேட்டாலும் அடையாளம் தெரிகிற நடை அது, இடது காலை லேசாக இழுத்துப் போடுகிற நடை. ஒரு நாற்காலி நகர்ந்தது. அமைதி.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது. அவள் ஓடவில்லை. பூட்ஸைக் கழற்றினாள். அந்த நேரத்திலும் கை அதைத்தான் செய்தது. காலுறையோடு படியேறினாள். ஒவ்வொரு படியும் ஈரம். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் குளிர்.

அரங்கின் விளக்குகள் எரியவில்லை. மேடைக்கு மேலே, நேற்று அவள் அணைக்காமல் விட்ட திரை மட்டும் நீலமாக ஒளிர்ந்தது. அதில் கூட்டத்தில் அவள் பேசப்போகிற உரையின் முதல் பக்கம், கடற்கழியின் படம். முன்வரிசையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு முதுகு காட்டி. தலைமுடி பனிக்கட்டியாக விறைத்திருந்தது. கைமடிப்புகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எய்விண்ட்."

அவன் திரும்பவில்லை. வலது கை மட்டும் மெல்ல உயர்ந்தது. பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்க விரும்புகிறவர் உயர்த்துவது போல, தோளுக்கு மேலே, விரல்கள் விரிந்து. பிறகு இறங்கி, பக்கத்து நாற்காலியின் இருக்கையில் அமைதியாகப் படிந்தது.

கையிலிருந்த தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. தெரியாத எண். அது அடித்துக்கொண்டே இருந்தது.

அவளுடைய கால்கள் மரத்துப்போயின. குனிந்து பார்த்தாள். கணுக்கால் வரைக்கும் தண்ணீர். கரும்பச்சையாக, சத்தமில்லாமல், நாற்காலி வரிசைகளுக்கு இடையே ஏறிக்கொண்டிருந்தது. அவன் கை படிந்திருந்த நாற்காலிக்குக் கீழே, அந்தத் தண்ணீரில் அசையாமல், ஒரு ஜோடி சாம்பல் நிறக் கம்பளிச் செருப்பு. அவளுடைய அளவு. நுனி அவள் பக்கம் பார்த்திருந்தது.