கார்மேகம் மாமாவின் கம்பளி

வளைகுடா ஊரான குதைபியாவில் ஜூலை மாதம் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொதித்துக்கொண்டு வரும். அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில், கீழ்த்தளத்து ரூமில் இருக்கும் கார்மேகம் மாமா, தடித்த கம்பளி ஒன்றைச் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். கம்பளியில் பெரிய புலி ஒன்று முறைத்துக்கொண்டிருந்தது. மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

கதவைத் திறந்த அஃபீஃபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிஸ்டர் ஆப்பிரிக்கா போறாங்கல்ல, பாப்பா? இதை அங்க உள்ள பிள்ளைங்ககிட்ட குடுக்கச் சொல்லு" என்று கம்பளியை அவள் கையில் திணித்துவிட்டு மாமா இறங்கிப் போனார்.

சிஸ்டர் என்றால் அஃபீஃபாவின் உம்மா நஸீஹா. அவள் ஒரு கிளினிக்கில் நர்ஸ். லீவு கிடைத்தால் எல்லாரும் ஊருக்குப் போவார்கள். உம்மாவோ இந்த லீவில் கென்யாவின் மலைப்பகுதியில் இருக்கும் ஓர் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு, டாக்டர்கள் குழுவோடு சேவை செய்யப் போகிறாள்.

வளைகுடாவில் யாராவது பயணம் கிளம்பினால் போதும், "ஒரே ஒரு பார்சல்தான்" என்று கட்டிடமே கிளம்பி வந்துவிடும். ஷியாமளா ஆன்ட்டி சோப்பு கொடுத்தார். வாப்பா காதர் மைதீன் தன் கடையிலிருந்து மிட்டாய் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் எப்படியோ அடைத்தாயிற்று. இப்போது அட்டைப்பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம்.

அந்த இடம் மூச்சுமருந்து மெஷினுக்கு. மூச்சுத்திணறல் உள்ள குழந்தைகளுக்கு மருந்தைப் புகையாக மாற்றித் தரும் மெஷின் அது. உடைந்துவிடக் கூடாது என்று தெர்மாக்கோல் வைத்த பெரிய டப்பாவில் இருந்தது.

"ஆப்பிரிக்கால ஏது குளிரு? கார்மேகத்துக்கு வெயில்ல மண்டை காஞ்சு போச்சு" என்று வாப்பா சிரித்தார்.

"அது மலைங்க. ராத்திரி நடுங்கும்" என்றாள் உம்மா. ஆனால் தூக்குத் தராசில் எடை சரியாக இருந்தாலும் பெட்டியில் இடம் இருந்தால்தானே? மெஷின், இல்லை கம்பளி. இரண்டில் ஒன்றுதான் போகும்.

உம்மா பெருமூச்சு விட்டாள். "மூச்சுதான் முதல்ல. இதைத் திருப்பிக் குடுத்துட்டு வா, புள்ள. மனசு நோகாம சொல்லணும்."

மனசு நோகாமல் எப்படிச் சொல்வது? படியிறங்கும்போது அஃபீஃபா பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

ரூமில் மாமா மட்டும்தான் இருந்தார். கம்பளியைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"புலி பிடிக்கலையா, பாப்பா? பூப் போட்டதும் இருந்துச்சு. மாத்திட்டு வரவா?"

"புலி சூப்பரா இருக்கு மாமா" என்றாள் அவசரமாக. கம்பளியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மாமா கட்டிலில் உட்கார்ந்தார். "இந்த ரூம்ல எல்லாரும் ஊருக்குக் கம்பளி குடுத்து விடுவாங்க. அப்புறம் போன் போட்டு, வந்து சேந்துச்சான்னு கேப்பாங்க. நானும் அந்த மாதிரி இல்லத்துல வளந்த பையன். எனக்கு அப்படி கேக்குறதுக்கு ஆள் கிடையாது. இப்பத்தான் அனுப்ப ஆள் கிடைச்சிருக்கு."

இந்தக் கம்பளி போயே ஆக வேண்டும் என்று அஃபீஃபா முடிவு செய்துவிட்டாள்.

"சும்மா காட்டத்தான் கொண்டுவந்தேன் மாமா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அதை மறுபடியும் மேலே தூக்கிக்கொண்டு போனாள். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. கம்பளி மேலேயே உட்கார்ந்தாள். மெத்தென்று இருந்தது. அப்போதுதான் போன லீவு ஞாபகம் வந்தது. ஊருக்குக் கொண்டுபோன பீங்கான் தட்டுகளை வாப்பா எதில் சுற்றினார்? கம்பளியில்தானே! ஒரு தட்டுகூட உடையவில்லையே!

வீட்டுக்குள் ஓடினாள். "உம்மா, அந்த டப்பாவும் தெர்மாக்கோலும் வேண்டாம். மெஷினைப் புலிக்குள்ள சுருட்டிடலாம்."

வாப்பா சிரிப்பை நிறுத்தினார். மெஷினை வெளியே எடுத்து, கம்பளியின் நடுவில் வைத்துச் சுருட்டினார். பெட்டிக்குள் அமுக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. கயிறு போட்டுக் கட்டியும் ஆயிற்று.

உம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நல்லவேளை, நீ திருப்பிக் குடுக்கல."

உம்மா கென்யா போய்ச் சேர்ந்த சில நாளில் வீடியோ கால் வந்தது. "சீக்கிரம் கார்மேகத்துக்கிட்ட போனைக் குடு" என்றாள். அஃபீஃபா போனோடு கீழே ஓடினாள்.

திரையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். ஞேரி என்று பெயராம். மூக்கில் மருந்து மாஸ்க், கழுத்துவரை புலிக் கம்பளி. முந்தைய நாள் முழுக்கத் திணறியவள், இன்றைக்கு நிம்மதியாக மூச்சு விடுகிறாள் என்றாள் உம்மா. அந்த ஊரில் சிங்கம் உண்டு, புலி கிடையாது. அதனால் இல்லத்துப் பிள்ளைகள் அதற்கு "கோடு போட்ட சிங்கம்" என்று பெயர் வைத்துவிட்டார்களாம்.

ஞேரி மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "அசான்டே" என்றாள். அவர்கள் மொழியில் நன்றி என்று அர்த்தமாம்.

மாமாவின் ரூம்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, போனை நிமிர்த்திப் பிடித்தார்.

"சிஸ்டர், கம்பளி வந்து சேந்துச்சா?"

கம்பளி அவர் கண் முன்னாலேயேதான் இருந்தது. ஆனாலும் ஒருவரும் சிரிக்கவில்லை.

"வந்து சேந்துச்சு தம்பி" என்றாள் உம்மா.