சிவப்பு வளைக்கு இடமில்லை

கபடி இறுதிப்போட்டிக்குக் கால் மணி நேரமே இருந்தது. தூத்துக்குடி மைதானமே ஆடிப்போகிற மாதிரிக் கூட்டம் கத்த, எட்டாம் வகுப்பு மதுவந்தியின் மணிக்கட்டில் இரும்புவளை சிவப்பாய் எரிந்தது.

தோலுக்குள் ஒளி பாய்ச்சி, ஊசி குத்தாமலே ரத்தத்தின் இரும்பை அளக்கும் வளை அது. போதுமென்றால் பச்சை, குறைந்தால் சிவப்பு. வளை வந்ததிலிருந்து பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகளைக் காணோம்! மாத்திரை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று பள்ளியே அமர்க்களப்பட்டது. சிவப்பு வளைக்காரிக்கு மட்டும் களத்தில் இடமில்லை. பயிற்சியாளர் செலின் மிஸ் போட்ட சட்டம்.

"ஒழுங்கா சாப்பிட்டாத்தானட்டி!" என்று சீறினார் மிஸ்.

"கீர திங்கேன், மாத்திரையும் போடுதேன் மிஸ். பச்சையே ஆவ மாட்டேங்கு," என்றாள் மதுவந்தி, அழாத குறையாக.

"வளைதான் கோளாறு மிஸ். ஒங்க கையில போட்டுப் பாருங்க," என்றாள் தோழி ஸ்டெபி. ஒரே தள்ளில் இரண்டு பேரைச் சாய்க்கும் மிஸ்ஸுக்குப் பச்சைதான் எரியும் என்று எல்லோருக்கும் நிச்சயம். மிஸ்ஸும் பெருமையாக மாட்டிக்கொண்டார்.

சிவப்பு. மதுவந்தியுடையதைவிடக் கடும் சிவப்பு.

ஸ்டெபி கையில் போட்டால் பச்சை. மறுபடி மிஸ் கையில் சிவப்பு. வளை சரியாகத்தான் இருந்தது.

மிஸ் குரலைத் தாழ்த்தினார். "மது, மாசத்துல எத்தன நாளு ரத்தம் போவும்?"

"எட்டு, ஒம்பது நாளு மிஸ். மணிக்கொருக்க நாப்கின் மாத்தணும். எல்லாருக்கும் அப்பிடித்தான?"

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்ட்டி, இத்தன வருசமா."

இரும்பு குறைகிறது என்று வளை சொன்னது. எங்கே போகிறது என்று யாருமே கேட்கவில்லை. தொட்டியின் ஓட்டையைப் பார்க்காமல் ஊரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே ரெண்டு பேரும் டாக்டர்ட்ட போறோம். அடுத்த வருசம் நீதான் முதல் ரெய்டு," என்ற மிஸ், தன் சட்டப்படி தானும் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இருவரும் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். பள்ளி ஜெயித்தது!

மிஸ் கையில் சிவப்பைப் பார்த்த பிள்ளைகள், கோப்பையைக்கூட வாங்காமல் தங்கள் வளைகளைக் கழற்றிக்கொண்டு பார்வையாளர் காலரிக்கு ஓடினார்கள். ஈரலையும் கீரையையும் மகள் தட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்னும் அம்மாக்கள், விளையாட்டென்று நினைத்துச் சிரித்தபடி கையை நீட்டினார்கள்.

முன்வரிசை முழுக்கச் சிவந்தது.